சித்தாள் கூலி ஏன் ஏறவில்லை?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. வெளிமாநிலத்திலிருந்து வந்திருக்கும் தொழிலாளர்களால் நம் கூலியும் வேலையும் என்ன ஆகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பதினாறு வயதில் கொருக்குப்பேட்டையில் சாந்துச் சட்டி தூக்க ஆரம்பித்தவள் நான். இருபது வருடம் சித்தாள் வேலை. அப்புறம் ஒரு மேஸ்திரியிடம் ஆள் கணக்கு எழுதினேன். இப்போது கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். என் பழைய நோட்டுகளையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன். ஒன்று மட்டும் முதலில். சிலர் கடிதத்தில் ‘வடக்கன்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தையை எடுத்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் தினமும் காலை ஆறரைக்கு மூலக்கடையில் வேலைக்கு நிற்கிறவன். கட்டு வேலை, பூச்சு வேலை இரண்டும் தெரியும். மூன்று வருடமாகக் கூலி ஏறவில்லை. கேட்டால், ‘உன் கூலிக்கு ரெண்டு இந்திக்காரப் பசங்க வருவாங்க’ என்கிறார் மேஸ்திரி. அவர்கள் வருவதை நிறுத்தினால் எங்கள் கூலி ஏறும்தானே?
— ஒரு கொத்தனார், வியாசர்பாடி

பதில்: தம்பி, உங்கள் மேஸ்திரி சொன்னதை நான் என் இளம் வயதிலேயே கேட்டிருக்கிறேன். அப்போது ‘உன் கூலிக்கு ரெண்டு ஆந்திரா ஆள் வருவான்’ என்பார்கள். அப்புறம் ‘விழுப்புரத்து ஆள்’ என்றார்கள். ஊர்ப் பெயர்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. உங்கள் கோபத்தைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று வருடத்தில் வாடகையும் கேஸ் விலையும் என்ன ஏறியிருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் நிறுத்தினால் ஏறுமா என்பதற்கு, நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். அப்போது மாதவரத்தில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்புக்கு நான் ஆள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தகரக் கொட்டகையில் தங்கியிருந்த வெளிமாநில ஆட்கள் 41 பேர். மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்ட பிறகு 38 பேர் கிளம்பிவிட்டார்கள். ஜூலையில் வேலையைத் திரும்பத் தொடங்கியபோது மூன்றாவது மாடித் தளத்துக்கு சென்ட்ரிங் அடித்து முடிந்திருந்தது. கம்பி கட்டவில்லை. கம்பி கட்டுகிற கூட்டம் மொத்தமும் ஒடிசாவுக்குப் போயிருந்தது. கொத்தனார்கள் எட்டுப் பேர், எல்லோரும் நம் ஊர் ஆட்கள். கீழே கார் நிறுத்துமிடத்தில் பூச்சு வேலை மூன்று வாரத்துக்கு ஓடியது. அது முடிந்ததும் செய்ய எதுவும் இல்லை. கம்பி கட்டாமல் கான்கிரீட் போட முடியாது, கான்கிரீட் போடாமல் மேலே சுவர் எழும்பாது. அவர்களில் வயதான ஒருவர், தினமும் தூக்குச் சட்டியோடு வந்து, மணல் குவியல் பக்கத்தில் பத்து மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போவார். செப்டம்பரில் ஒப்பந்தக்காரர் பஸ் பிடித்து அனுப்பி ஒடிசாவிலிருந்து ஆட்களை வரவழைத்த பிறகுதான் அவருக்கு வேலை கிடைத்தது.

ஹெல்பர் விஷயம் அப்படி இல்லை. செங்கல் ஏற்ற, மண் அள்ள, கலவை போட என்று நிற்கிற உள்ளூர் ஆளுக்கு வெளியூர்ப் பையன் நேர்ப்போட்டிதான். அந்த ஜூலையில் ஹெல்பர் கூலி 600-இலிருந்து 750 ஆனது. பையன்கள் திரும்பி வந்ததும் 650-க்கு இறங்கியது. இரண்டும் என் நோட்டில் இருக்கின்றன. யாருக்கும் பாதிப்பே இல்லை என்று எழுதுகிறவர்கள் இந்த ஹெல்பரைப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் பாதிப்பு என்கிறவர்கள் தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்த அந்தக் கொத்தனாரைப் பார்த்ததில்லை.

ஆட்கள் வருவதை நிறுத்துவதை அமெரிக்காவில் செய்தே பார்த்துவிட்டார்கள். 1942-இலிருந்து மெக்சிகோ ஆட்களை ஒப்பந்தத்தில் அழைத்து வந்து விவசாய வேலையில் வைத்திருந்தார்கள். பிராசெரோ திட்டம் என்று பெயர். 1950-களில் ஒரே வருடத்தில் நான்கு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வந்ததுண்டு. உள்ளூர்க் கூலி ஏறட்டும் என்று 1964 முடிவில் திட்டத்தை மூடினார்கள். மெக்சிகோ ஆட்களை அதிகம் நம்பியிருந்த மாநிலங்களையும், அவர்கள் இல்லாத மாநிலங்களையும் பிற்பாடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூலி ஏறியதற்கு அடையாளம் இல்லை. கலிஃபோர்னியாவில் தக்காளி பறிக்க மெஷின் வந்துவிட்டது. மெஷினில் நசுங்காத கெட்டித் தக்காளி ரகத்தையே பல்கலைக்கழகத்தில் உருவாக்கி வைத்திருந்தார்கள்.

சரி, அப்படியானால் உங்கள் கூலி ஏன் நிற்கிறது? ஒரு சனிக்கிழமைப் பட்டுவாடாவைச் சொல்கிறேன். 2016-இல், தண்டையார்பேட்டையில் ஒரு கட்டடம். உள்ளூர் ஹெல்பருக்கு நாள் கூலி 550. வெளியூர்ப் பையனுக்கு முதலாளி கொடுத்தது 500. ஆனால் அதைப் பையன் கையில் கொடுப்பதில்லை. அவர்களை அழைத்து வந்த தேக்கேதாரிடம் மொத்தமாக எண்ணிக் கொடுப்போம். அவர் ரயில் டிக்கெட், அரிசி, ரூம், ஊரில் கொடுத்த முன்பணம் என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார். பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன், அக்கா கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியவன். நோட்டுகளை மூன்று தடவை எண்ணினான். நாளுக்கு 350 கூட வரவில்லை. என் பக்கம் திரும்பி நோட்டைக் காட்டச் சொல்லிக் கை நீட்டினான். தேக்கேதார் இந்தியில் ஏதோ சொன்னதும் கையை இழுத்துக்கொண்டான். வேலையை விட்டுப் போகவும் முடியாது, முன்பணம் பாக்கி இருக்கிறது. பக்கத்து சைட்டில் 450 தருகிறார்கள் என்று தெரிந்தாலும் போக முடியாது.

உங்கள் போட்டி இந்தப் பையனோடுதான் என்று மேஸ்திரி சொல்கிறார். உண்மையில் உங்களைப் பயமுறுத்தப் பயன்படுவது அவனால் ‘முடியாது’ என்று சொல்ல முடியாத நிலைமை. அந்த நிலைமையை மாற்றினால் மேஸ்திரியின் மிரட்டல் செல்லாது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 1979-இல் ஒரு சட்டம் வந்தது. அதே வேலைக்கு அதே கூலி, போக வரச் செலவு, அதற்கும் மேலே மாதக் கூலியில் பாதி அளவு இடப்பெயர்ச்சிப் படி, எல்லாம் அதில் இருந்தன. அதாவது சட்டப்படி நடந்திருந்தால், வெளியூர் ஆளை வைப்பதற்கு உள்ளூர் ஆளை விட அதிகச் செலவாகியிருக்கும்! நான் எழுதிய எந்த நோட்டிலும் அந்தப் படி கொடுத்ததாக ஒரு வரி இல்லை. 2020-இல் பல சட்டங்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாக்கியபோது அந்தப் படியே போய்விட்டது. பயணச் செலவு மட்டும் மிச்சம். நீங்கள் சண்டை போட வேண்டிய இடம் அதுதான், தம்பி.

கேள்வி: ஆட்கள் கூடினால் கூலி குறையும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் மயாமி நகரத்தில் அப்படி நடக்கவில்லை என்று வகுப்பில் சொன்னார்கள். எது சரி?
— பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு மாணவி, கொளத்தூர்

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம் மகளே. வெங்காய லாரி பத்து கூடுதலாக வந்தால் கோயம்பேட்டில் விலை இறங்கும். ஆனால் வெங்காயம் சாப்பிடாது. வந்த மனிதர் சாப்பிடுவார், வாடகை கொடுப்பார், முடி வெட்டிக்கொள்வார், போனுக்கு ரீசார்ஜ் செய்வார். வேலை கேட்டு வருகிறவரே வேலை கொடுக்கிறவராகவும் ஆகிறார். பாடப்புத்தகத்துப் படத்தில் ஒரு கோடு மட்டும் நகரும். தெருவில் இரண்டு கோடும் நகரும்.

மயாமியில் நடந்தது இது. 1980 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைக்கும் கியூபாவின் மாரியேல் துறைமுகத்திலிருந்து படகுகளில் சுமார் 1,25,000 பேர் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அதில் பாதிப் பேர் மயாமியில் தங்கினார்கள். அந்த ஊர்த் தொழிலாளர் எண்ணிக்கை சில மாதத்தில் 7 சதவீதம் கூடிவிட்டது. டேவிட் கார்ட் என்ற பொருளாதார அறிஞர் மயாமியை அட்லாண்டா, ஹூஸ்டன் மாதிரியான நகரங்களோடு ஒப்பிட்டு, 1990-இல் கட்டுரை எழுதினார். உள்ளூர் ஆட்களின் கூலியும் வேலையும் பெரிதாகக் கெடவில்லை என்றார். 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜார்ஜ் போர்ஹாஸ் என்ற இன்னொரு அறிஞர் அதே கணக்கைத் திரும்பப் போட்டார். அவரும் சின்ன வயதில் கியூபாவிலிருந்து வந்தவர்தான். பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் தனியாகப் பார்த்தால் கூலி 10 முதல் 30 சதவீதம் வரை விழுந்திருக்கிறது என்றார். அந்தப் பட்டியலில் இருந்த ஆட்கள் மிகக் கொஞ்சம், அதை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று வேறு சிலர் மறுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, போர்ஹாஸ் யாரைத் தனியாகப் பிரித்தார் என்பதுதான். மொத்த ஊருக்குக் கணக்கெடுத்தால் ஒன்றும் தெரியாது. அடித்தட்டில், வந்தவர் செய்யும் அதே வேலையைச் செய்கிறவரிடம் போய்க் கேட்டால்தான் தெரியும். என் ஹெல்பர் நோட்டும் அதையே சொல்கிறது.

இன்னொன்றையும் உன் வகுப்பில் கேள். மயாமிக்கு வந்தவர்கள் அங்கேயே குடியேறினார்கள். வாங்கிய கூலியில் பெரும்பகுதி மயாமியிலேயே செலவானது. எர்ணாவூரில் என் தெருவில் இருக்கும் பையன்கள் அப்படி இல்லை. ஒரு ரூமில் பத்துப் பேர். கொடியாகக் கட்டிய கயிற்றில் பத்து ஜீன்ஸ் பேன்ட் காயும். சனிக்கிழமை பணம் கைக்கு வந்ததும் பாதிக்கு மேல் பீகாருக்கோ வங்காளத்துக்கோ போய்விடும். இங்கே செலவாவது வாடகை, அரிசி, கடுகு எண்ணெய், சத்தூ என்கிற வறுத்த கடலை மாவு, ரீசார்ஜ். அதனாலும் நம்மவர்கள் பிழைக்கிறார்கள். கணவரை இழந்த ஒரு அம்மா, வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்டு ஆறு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். என்னோடு சட்டி தூக்கிய ஒருத்தி இப்போது சப்பாத்தி மெஸ் நடத்துகிறாள். ஆனாலும் குடும்பத்தோடு வந்து தங்குகிறவர் உள்ளூரில் உண்டாக்கும் வேலையை, தனியாக வந்து போகிறவர் உண்டாக்க மாட்டார். அவர்கள் குடும்பத்தோடு இங்கே வாழ முடிந்தால் நம் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் அது நல்லது என்று நான் நினைப்பது அதனால்தான்.

கேள்வி: எனக்கு 46 வயசு. பதினெட்டு வயசிலிருந்து சித்தாள் வேலை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் கூட வேலை இல்லை. மேஸ்திரி எங்களைக் கூப்பிடுவதே இல்லை. ஆம்பளைப் பசங்க போதும் என்கிறார். எங்களுக்கு ஏதாவது வழி இருக்கிறதா அக்கா?
— ஒரு சித்தாள், கொருக்குப்பேட்டை

பதில்: தங்கச்சி, இந்த மாதத்தில் எனக்கு மனசு கனத்த கடிதம் உன்னுடையது. இந்தப் பேச்சில் யாரும் உன்னைக் கணக்கில் எடுப்பதில்லை. ‘தமிழ் ஆள், இந்தி ஆள்’ என்று ஆம்பளைகள் பேசிக்கொண்டிருக்கும்போது வேலையை முழுசாக இழந்தவள் சித்தாள்தான்.

தளம் போடும் நாள் எப்படி இருக்கும் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்கே கலவை மெஷின் வந்து இறங்கும். நாங்கள் முப்பது பெண்கள். மெஷின் வாயிலிருந்து சாரப் பலகை ஏறி மேல் தளம் வரைக்கும் வரிசையாக நிற்போம். தலையில் சும்மாடு. புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, இல்லாவிட்டால் சிமெண்ட் பட்டுத் தோல் வெந்துவிடும். சட்டி கைமாறி மேலே போகும், வெறும் சட்டி மறுபக்கம் விழுந்து வரும். பாதியில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கான்கிரீட் ஒட்டாமல் போய்விடும். வேகம் குறைந்தால் வரிசையின் நடுவில் இருக்கும் மூத்தவள் பாட ஆரம்பிப்பாள். மத்தியானம் வீட்டுக்காரர் பிரியாணி வாங்கிக் கொடுப்பார். அன்றைக்குக் கூலியும் ஒன்றரை மடங்கு. பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் பல பேருக்கு அந்தத் தளம் போடும் கூலியில்தான் கட்டியாகும்.

இப்போது என்ன நடக்கிறது? ரெடிமிக்ஸ் லாரி வருகிறது. குழாய் மாட்டி நேராக மூன்றாவது மாடிக்கு அடிக்கிறார்கள். குழாயைப் பிடிக்க நாலு பேர், பரப்ப ஆறு பேர். முப்பது பெண்கள் எங்கே? இதை எந்த பீகார்க்காரரும் செய்யவில்லை. துறைமுகத்திலும் இதே கதைதான். 1983-இல் சென்னையில் கண்டெய்னர் முனையம் வந்த பிறகு, கப்பலில் இறங்கி மூட்டை தூக்கியவர்களின் வேலை வருடா வருடம் சுருங்கியது. ராயபுரத்தில் எத்தனை குடும்பம் அந்த மூட்டையில் பிழைத்தது! அவர்கள் வேலையைக் கொண்டுபோனது கிரேன்.

மிச்சமிருக்கும் சின்ன வேலைகளில்தான் வெளியூர்ப் பையன் உனக்குப் போட்டி. அதை மறைக்க மாட்டேன். அவன் அங்கேயே தங்குகிறான், ராத்திரி லோடு வந்தாலும் எழுந்து இறக்குகிறான், சாயங்காலம் பிள்ளைக்குச் சமைக்க ஓட வேண்டியதில்லை. ஆனால் இதையும் நினைத்துப் பார். அவன் வருவதற்கு முன்னாலும் உன் கூலி ஆம்பளை ஹெல்பர் கூலியை விடக் குறைவுதான். 1976-லேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்று சட்டம் வந்துவிட்டது. அதே 2016 நோட்டில் ஆம்பளை ஹெல்பருக்கு 550, உனக்கு 400. என் கையாலேயே அப்படி எழுதினேன். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நமக்கு மலிவாக இருந்தால்தான் வேலை என்று நாமே நம்பினோம். நம்மை விட மலிவாக ஒருவன் வந்ததும் அந்த நம்பிக்கையும் உதவவில்லை.

வழி கேட்டாய். கொத்தனார் வேலையைக் கற்றுக்கொள். இருபத்தெட்டு வருடம் பக்கத்தில் நின்று பார்த்த வேலை அது. ரசமட்டம் பிடிக்கவும் தூக்குக் குண்டு விடவும் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். டைல்ஸ் பதிக்கும் வேலைக்கு இப்போது ஆள் தட்டுப்பாடு. டைல்ஸ் இடுக்கில் பசை நிரப்பும் வேலையில் ஆரம்பித்து மூன்று மாதத்தில் பதிக்கக் கற்றுக்கொண்ட இரண்டு பெண்கள் புது வண்ணாரப்பேட்டையில் இருக்கிறார்கள். அவர்களிடம் உன்னை அனுப்புகிறேன். அறுபது வயது ஆவதற்குள் நல வாரிய அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே வா, ஒரு தடவை கூட விடாதே. ஓய்வூதியம் அதை வைத்துத்தான்.

கேள்வி: நம் ஊர்ப் பையன்கள் உழைக்கத் தயாராக இல்லை. இலவச அரிசியும் டாஸ்மாக்கும் கெடுத்துவிட்டன. வெளிமாநிலத்தவர் வராவிட்டால் சென்னையே நின்றுவிடும் என்பதை ஏன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்?
— ஓய்வு பெற்றவர், பெரம்பூர்

பதில்: ஐயா, குடியால் கெட்ட குடும்பங்களை நான் உங்களை விடக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் சோம்பேறி என்ற வார்த்தையை ஏற்க மாட்டேன். காலை ஆறரைக்கு மூலக்கடையில் வந்து நின்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை, பீகாரில் 3. இது 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பு. 2021-22 கணக்கில் நம் மாநிலத்தில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் 47 சதவீதம் உயர்கல்விக்குப் போயிருக்கிறார்கள், நாடு முழுவதற்கும் அது 28 சதவீதம்தான். பிள்ளைகள் குறைவு, அவர்களில் பாதிப் பேர் கல்லூரியில். கொத்தனாரின் மகன் டிப்ளமா படித்துவிட்டுச் சட்டி தூக்க வரவில்லை என்றால், அந்தக் கொத்தனார் வாழ்நாள் முழுக்க வேண்டிக்கொண்டது நடந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடம் காலியானதால் வெளியூர்ப் பையன் வந்தான். இரண்டு பேரையும் உழைப்பாளி என்றே சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார். அங்கே நம்மவர்களால் உள்ளூர்க் கூலி குறைகிறது என்று பேசுகிறார்களாம். அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
— குடும்பத் தலைவி, திருவொற்றியூர்

பதில்: அம்மா, சிங்கப்பூர் அரசாங்கம் ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் முதலாளியிடம் மாதா மாதம் வரி வாங்குகிறது. அதைத் தொழிலாளி கூலியில் பிடிக்கக் கூடாது. இத்தனை உள்ளூர் ஆளுக்கு இத்தனை வெளிநாட்டு ஆள் என்று வரம்பும் உண்டு. கட்டட வேலையில் ஒருவருக்கு ஏழு பேர் வரைக்கும் இருந்ததை, 2024 ஜனவரியிலிருந்து ஐந்தாகக் குறைத்துவிட்டார்கள். வெளிநாட்டு ஆள் ரொம்ப மலிவாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இது. ஆனால் அந்த வரிப் பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துப் போன உங்கள் கணவருக்குப் போகவில்லை. அந்தக் கடன் தீரும்வரை அவரும் என் தண்டையார்பேட்டைப் பையன் மாதிரிதான், முதலாளி என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டும்.

உங்கள் கடிதம் என் பாட்டியை ஞாபகப்படுத்தியது. எங்கள் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1930 மே மாதம் அங்கே இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தெலுங்குக்காரர்கள், கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் பர்மியர்களை வேலைக்கு எடுத்தன. கூலி உயர்வுக்கு ஒப்புக்கொண்டு, மே 26-ஆம் தேதி இந்தியர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அதே காலையில் பர்மியர்களைப் போகச் சொன்னார்கள். வேலைக்கு வந்த இரண்டு கூட்டமும் துறைமுகத்தில் எதிரெதிரே நின்றன. கலவரம் நாள் கணக்கில் நடந்து நூற்றுக்கும் மேல் செத்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். தாத்தா ஒரு மரக்கிடங்கில் மூன்று நாள் பட்டினியாக ஒளிந்திருந்தார். பாட்டி இதைச் சொல்லும்போது பர்மாக்காரர்களைத் திட்ட மாட்டாள். “அவனுக்கும் அன்னிக்குக் காலையில்தானே வேலை போச்சு” என்பாள். 1962-க்குப் பிறகு அங்கிருந்து வந்தவர்களுக்கு வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் இடம் கொடுத்தார்கள். அப்போது இங்கே இருந்தவர்களும், இவர்கள் வந்து நம் வேலையைப் பிடுங்குகிறார்கள் என்றுதான் சொன்னார்கள். இன்றைக்குக் கடற்கரை ஸ்டேஷன் எதிரில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட வரிசையில் நிற்கிறோம்.

கேள்வி: எண்ணூர் நெடுஞ்சாலையில் டீக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் வெளிமாநிலப் பையன்கள் பதினோரு பேருக்கு மூன்று வாரமாகக் கூலி வரவில்லை. தேக்கேதார் போனை எடுக்கவில்லை. கடனில் டீ கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ‘உனக்கு எதுக்கு இந்த வம்பு, அவனுங்க போனா நம்ம ஆளுக்கு வேலை’ என்கிறார்கள் பக்கத்தில். நான் என்ன செய்ய?
— டீக்கடைக்காரர், எர்ணாவூர்

பதில்: அண்ணே, நீங்கள் செய்வது சரி. அந்தப் பதினோரு பேர் கூலி வாங்காமல் போனால், அடுத்த மாதம் அதே இடத்துக்கு இன்னும் பதினோரு பேர் வருவார்கள். மூன்று வாரம் கூலியே கொடுக்காமல் வேலை வாங்கலாம் என்று தெரிந்துகொண்ட ஒப்பந்தக்காரர், அதற்கப்புறம் நம் ஆளுக்கு முழுக் கூலி கொடுப்பாரா? 2025 செப்டம்பர் 30 அன்று நம் எண்ணூரில், அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் செத்துப் போனார்கள். பெரும்பாலும் அசாம் பையன்கள். அன்றைக்கு அதில் வியாசர்பாடிக்காரர் ஏறியிருந்தால் அவரும்தான் போயிருப்பார்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். பதினோரு பேரின் பெயர், ஊர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை, பேசிய கூலி, கையில் வந்தது, எல்லாவற்றையும் எழுதி ஒவ்வொருவரிடமும் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். சைட் வாசலில் இருக்கும் பலகையை போட்டோ எடுங்கள், அதில் வேலை கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். தேக்கேதார் ஓடிப்போனாலும் கவலை வேண்டாம். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் வேலை கொடுத்த தலைமை முதலாளி கொடுக்க வேண்டும் என்று 1970-ஆம் வருடச் சட்டத்திலேயே இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. பையன்களை இப்போதைக்கு ஊருக்கு ரயில் ஏற விடாதீர்கள். ஆள் இல்லாமல் மனுவை நடத்துவது கஷ்டம்.

பத்திரிகை உங்கள் கைக்கு வர நாளாகும் என்பதால் தனியாகவும் கடிதம் போட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு தேரடி மெட்ரோ படிக்கட்டில் இருப்பேன். தொழிலாளர் துறை அலுவலகத்துக்குச் சேர்ந்தே போகலாம். தமிழ் கொஞ்சம் பேசத் தெரிந்த பையன் ஒருவனையும், அதே சைட்டில் வேலை பார்த்த நம் ஊர்க் கொத்தனார் ஒருவரையும் கூட்டி வாருங்கள். அவர் சாட்சி சொன்னால் மனு நிற்கும்.